மைக்கை மாற்ற வேண்டாம் என்று சொன்னவன் எழுதுவது

கண்ணு,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னை நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால் வாயில் வருவதையே எழுதிவிட்டேன். நேரில் வந்து சொல்லத்தான் கிளம்பினேன். முந்தாநாள் காலையில் வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். மலைப்பாதையில் மண் சரிந்து, மரமும் குறுக்கே விழுந்து கிடக்கிறது, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு வண்டியும் வராது என்று சொல்லிவிட்டார்கள். நீ கீழே காரவள்ளியில் உன் பெரியம்மா வீட்டில் இருக்கிறாய். நான் மேலே மாட்டிக்கொண்டேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். "அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு, மழைக்கெல்லாம் போன் பண்றாரு" என்று நீ பெரியம்மாவிடம் சிரித்திருப்பாய்.

திங்கட்கிழமை நீ திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேரப் போகிறாய். அது நல்ல வேலைதான். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. கிளம்புகிற அன்று காலையில் நீ உன் மைக்கை அதன் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒயரைச் சுருட்டிப் போட்டு, என்னிடம் நீட்டினாய். "இதை யாருக்காச்சும் குடுத்துருங்கப்பா. மைக் நல்லாத்தான் இருக்குது. எங்கொரல்தான் கேக்கற மாதிரி இல்லீங்க" என்றாய். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். நீ சொன்னது உண்மையில்லை. அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆளான நான் உன் எதிரில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றேன், அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் படித்து மடித்து வைத்துவிடுவாய், அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் உன் பாட்காஸ்ட் கேட்கிறவர்களுக்காக நீ நடத்துகிற வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போட்டோ எடுத்துப் போடப் போகிறேன். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சேர்த்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நான் இந்த மலையில் முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறவன். திருப்புலி நாடு, குண்டூர் நாடு என்று இங்கே நாடு நாடாகப் பிரித்துச் சொல்கிற ஊர்களில் என் குழாய் ஸ்பீக்கர் கட்டாத மரம் குறைவு. காது குத்து, கல்யாணம், மாரியம்மன் நோம்பி, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் நான்தான். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் ஒரு ஆம்ப்ளிபயர் எங்கே இரைகிறது, எந்த ஒயரில் கோளாறு என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். 'அவன் காது பாம்புக் காது' என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. நீ பாட்காஸ்ட் ஆரம்பித்தபோது முதலில் என்னிடம்தானே ஓடி வந்தாய். சரக்கு ஆட்டோ ஓட்டுகிற பெண், மரமேறி மிளகு பறிக்கிறவர், பலாப்பழ வியாபாரி என்று ஒவ்வொருவராகக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார வைத்து, போனை நடுவில் வைத்துப் பதிந்தாய். போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நீ உடனே நல்ல மைக் வாங்க வேண்டும் என்றாய். நான் சிரித்துவிட்டு, மிளகு மூட்டை அடுக்கியிருக்கிற உள் அறையில் உன்னை உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். மூட்டைகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிட்டன. அதே போன், அதே குரல், ஆனால் காதோடு பேசுகிற மாதிரி வந்தது. "முதல்ல ரூமு, அப்பறந்தான் மைக்கு" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் அந்தப் பார்வை. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வராமல்தான் பின்னாடி எல்லாம் நடந்தது.

புதுசு வாங்குவதில் எனக்கு ஒரு பழைய சூடு இருந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கீழே நாமக்கல் பக்கம் எல்லோரும் குழாயை விட்டுவிட்டு ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறினார்கள். நானும் மாறினேன். அந்தப் பெட்டி ஜீப்பின் பின்கதவில் நுழையவில்லை. ரோடு போடாத ஊர்களுக்கு நாலு பேர் பாடை தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனோம். மலையின் கரண்டுக்கு அது தாங்கவும் இல்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு ஆம்ப்ளிபயர் புகைந்து, கெட்டி மேளம் மைக் இல்லாமல் முடிந்தது. மாப்பிள்ளையின் மாமன் என்னைப் பார்த்து, "ஏனுங்க, பொட்டி பெருசாத்தான் இருக்குது, சத்தத்தை ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். பந்தலே சிரித்தது. அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பக்கத்து ஊர்க்காரன் மாற்றினான் என்று எதையும் மாற்றக் கூடாது. இருக்கிறதால் வேலை ஆகாது என்று காது சொன்னால்தான் மாற்ற வேண்டும். பிறகு நீ மலிவாக ஒரு மைக் வாங்கி, அதை எப்போது மாற்றலாம் என்று கேட்டபோதெல்லாம் இதையே உனக்கும் சொன்னேன். இப்போதும் இந்தச் சட்டத்தில் குற்றமில்லை என்றுதான் நினைக்கிறேன். காது சொல்ல வேண்டும் என்று எழுதியவனின் காது போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் அதில் எழுதவில்லை.

போன வருஷம் மழைக்கு முன்னால், உன் நிகழ்ச்சியில் என்னையே பேச வைத்தாயே, நினைவிருக்கிறதா. அன்று மூட்டை அறையில் புழுக்கம் என்று வாசலில் உட்கார்ந்தோம். நான் பெரிய மனுஷன் மாதிரி, மருந்தடித்து மருந்தடித்து இந்த மலையில் சில்வண்டே இல்லாமல் போய்விட்டது, சாயங்காலமானால் காது அடைக்கக் கத்துமே, இப்போது ஒன்றுகூடக் காணோம் என்று நீட்டி முழக்கினேன். நீ அதை அப்படியே போட்டாய். குழுவில் ஒருத்தர் எழுதினார்: 'ஐயா பேசி முடிக்கிற வரைக்கும் பின்னாடி சில்வண்டு விடாம கத்துதுங்களே.' எல்லோரும் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். நீயும் நான் வேண்டுமென்றே கேலி பேசியதாக நினைத்துச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு தனியாகப் பலாமரத்தடிக்குப் போய் நின்று பார்த்தேன். காற்று கேட்டது, தூரத்தில் நாய் குரைத்தது கேட்டது. சில்வண்டு கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காது போனவன், பூச்சியைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் குழாயின் உதிரி வாங்க நாமக்கல் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அன்று நான் காது டாக்டரிடம்தான் போனேன். ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குப் பெட்டி மாதிரி ஓர் அறை. உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் அமுக்கினேன், பிறகு காத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, "ஐயா, பட்டனை அமுக்குங்க" என்றது. "சத்தம் வந்தா அமுக்கறனுங்க" என்றேன். அது ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துக்கிட்டேதானுங்க இருக்குது" என்றது. மறுபடி கதவைச் சாத்தினதும், நான் கேட்காமலேயே குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் குழாய்க்கு அடியிலேயே நின்றவன், பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன் மாதிரி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். மெல்லிசான கூர்மையான சத்தங்கள் இனிக் கேட்காது, போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். காதில் மெஷின் மாட்டின மைக் செட்காரனை எவன் கூப்பிடுவான்? சீட்டை மடித்துப் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். மலைப்பாதையின் அத்தனை வளைவும் பஸ் ஏறி முடிப்பதற்குள் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்தப் புரட்டாசியில்தான் சென்னையில் இருந்து அந்த ஆடியோ நிறுவனம் உன்னிடம் மூன்று பதிவுகள் கேட்டது. பிடித்திருந்தால் அவர்களே உன் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நீ சேலத்துக் கடையில் ஒரு மைக்கைப் பார்த்து வைத்திருந்தாய். "அப்பா, அதை வாங்கிப் புதுசாப் பதிஞ்சு அனுப்பட்டுங்களா, இல்ல இருக்கறதையே அனுப்பட்டுங்களா?" என்று கேட்டாய். ஹெட்போனை என் தலையில் நீயே மாட்டிவிட்டாய். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உன் குரல் மட்டும்தான் கேட்டது. "கண்ணாடியாட்டம் இருக்குது சாமி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றேன். நீ தயங்கினாய். "பின்னாடி ஸ்ஸ்ஸுன்னு ஒண்ணு கேக்கற மாதிரி இருக்குதுங்களே" என்றாய். நான் பட்டென்று, "அது உன் ஹெட்போனு. பழசாயிருச்சு. பதிவுல ஒண்ணுமில்ல" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. உன் காதில் விழுந்ததை விட்டுவிட்டு என் காதை நம்பினாய். மறுநாள் மதியம் அனுப்பினாய்.

தொடர்ந்து கேட்க முடியவில்லை, மன்னிக்கவும் என்று அவர்கள் ஒரே வரியில் பதில் போட்டார்கள். மைக்கில் குறையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார், அறையிலும் குறையில்லை, அப்படியானால் மிச்சம் இருப்பது குரல்தான் என்று நீ கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கை நான்தான் உனக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ செய்ததை எல்லாம் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மிளகும் தேனும் கலந்து குடித்தாய். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி குரலை இறக்கிப் பேசிப் பார்த்தாய், ஏற்றிப் பேசிப் பார்த்தாய். சொன்ன வாக்கியத்தையே பத்துத் தடவை சொல்லிப் பதிந்து அழித்தாய். பேச வந்த பலாப்பழக்காரரிடம், "நீங்களே பேசுங்க, நான் குறுக்க பேசலீங்க" என்றாய். சாப்பாட்டுக்குக்கூடச் சைகை காட்ட ஆரம்பித்துவிட்டாய். பேச்சுக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கிய பெண் வீட்டில் ஊமை மாதிரி நடமாடியதைப் பார்த்தும் நான் கல்லாக இருந்தேன். ஒரு வார்த்தை போதும்.

இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால், பாவம், கேட்காமல் சொல்லிவிட்டார் என்று நீ மன்னித்துவிடுவாய். அதற்காக எழுதவில்லை. ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்கிறேன். நீ பதிவுகளை அனுப்பியது மதியம் என்றேன் இல்லையா. அன்று காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது, உன் அம்மா அடுப்படியில் போனில் உன் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்போன் இல்லை, வெறும் போன். "ஏனுங்க, புள்ள பேசறப்ப எல்லாம் பின்னாடி எண்ணெய் காயற மாதிரி ஸ்ஸ்ஸுன்னு கேக்குதே, அது என்னங்க?" என்றாள். ஹெட்போனில் இல்லை, பதிவிலேயே இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "மைக்கப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கொழம்பப் பாரு" என்று சத்தம் போட்டேன். அவள் போனை அணைத்துவிட்டாள். காலையில் இருந்து மதியம் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நீ என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய். "அனுப்பாதே சாமி, அந்தப் புது மைக்கை வாங்கு" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாயே. எனக்குக் காது போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருக்குமே. நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ அனுப்பியிருந்தாய். தெரியாமல் செய்தது பாதி, தெரிந்து செய்தது பாதி. பெரிய பாதி அந்தத் தெரிந்த பாதிதான்.

அப்படி எதைக் காப்பாற்றினேன் என்று கேள். நீ பதிவுகளை அனுப்பியதற்குப் பத்து நாள் முன்னால்தான், தை மாதத்து மாரியம்மன் நோம்பிக்குச் செட் போட ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தேன். மைக் செட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் அதைத் திருப்பித் தருகிற வழக்கம் இங்கே இல்லை. வீட்டில் சாவு விழுந்தால்தான் திருப்பலாம். வாங்கின பிறகு காது கேட்காது என்று எந்த முகத்தோடு சொல்வது என்று அதிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தேன். நேற்று, மழை கொஞ்சம் விட்டதும், தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து எடுத்துக்கொண்டு ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஏனப்பா, ஊட்டுல ஏதாச்சும் கெட்டதா?" என்றார். "இல்லீங்க. காது போயிருச்சுங்க. இனிமே செட்டு போட முடியாதுங்க" என்றேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "போன நோம்பியிலயே தெக்கால கட்டுன கொழாயி கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. நீ அதுக்கு அடியிலயே நின்னு பீடி குடிச்சுக்கிட்டு இருந்த. ஊருக்கே தெரியுமப்பா. உம்மனசு நோகுமின்னு யாரும் சொல்லல" என்றார். அதற்குப் பிறகும் எனக்குத்தான் வெற்றிலை பாக்கு கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நடந்து வந்த வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன் கண்ணு. மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நான் உன்னைப் பலி கொடுத்திருக்கிறேன்.

இப்போது உன் மூட்டை அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருக்கிறது. அட்டைப் பெட்டியைத் திறந்து உன் மைக்கை எடுத்துப் பார்த்தேன். ஒயர் அடிப்பக்கம் நைந்து, நீ சுற்றிய டேப்பும் பிரிந்து நிற்கிறது. சத்தம் குறைவாக எடுக்கிறது என்று நீ எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்துப் பதிந்திருக்கிறாய். இரையாமல் என்ன செய்யும்? காதே வேண்டாம், கண்ணால் பார்த்தாலே எந்த மைக் செட்காரனும் இதை மாற்று என்று சொல்லியிருப்பான். நான் ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால் சொல்ல வேண்டி வருமே என்றுதான் எடுக்கவில்லை.

திருப்பூருக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம். வேலை பிடித்துப் போனால் சந்தோஷமாகப் போ. ஆனால் உன் குரல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போகாதே. அந்த எண்ணம் உன்னுடையது இல்லை, நான் உன் தலையில் ஏற்றி விட்டது. குழுவில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த இரைச்சலோடு இத்தனை நாள் இவளைக் கேட்டீர்களே, எதற்காகக் கேட்டீர்கள் என்று அவளிடம் ஒரு வார்த்தை எழுதுங்கள். என்னிடம் எழுத வேண்டாம்.

எப்போது மைக்கை மாற்றுவது என்று நீ என்னிடம் மூன்று வருஷமாகக் கேட்டாய். கடைசியாக ஒரு தடவை பதில் சொல்கிறேன். உனக்கு ஸ்ஸ்ஸென்று கேட்டது பார், அன்றைக்கு. முடிந்தால் திங்கட்கிழமைக்கு முன்னால் சேலத்துக்குப் போய், அந்த மைக்கை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கடையிலேயே நாலு வார்த்தை பேசிப் பதிந்து கேள். எப்படி இருக்கிறது என்று போனில் எனக்குப் போட்டுக் காட்டாதே. காட்டினால் பிரமாதம் என்று சொல்லிவிடுவேன், என்னை எனக்கே நம்பிக்கையில்லை. உன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. அவளுக்கு நன்றாகக் கேட்கும். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா